அப்பாவின் 66 பீட்டில்: 1600 போதுமா, 1776க்குப் போகலாமா?

வத்தளை66

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1966 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300 (1300 சிசி எஞ்சின்) மூன்று வருடமாக என் கையில் இருக்கிறது. உடம்பு, தரைத்தகடு, வயரிங் எல்லாம் முடித்துவிட்டேன். 12 வோல்ற்றுக்கும் மாற்றியாயிற்று. எஞ்சினுக்கு வந்ததும்தான் குழப்பம்.

வருடா வருடம் ஏப்ரலில் நுவரெலியா போவோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, பெட்டிகள். கண்டி வழியாகப் போய் றம்பொடை ஏற்றம். போன ஏப்ரலில் கடுகண்ணாவையிலேயே இரண்டாவது கியருக்கு மேல் எடுக்கவில்லை, பின்னால் லொறிகள் வரிசை கட்டி நின்றன. றம்பொடையில் தேநீர் குடிக்க நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் பச்சை விளக்கு மினுங்குகிறது. அக்சிலரேற்றரை லேசாக மிதித்தால் அணைகிறது, காலை எடுத்தால் திரும்ப எரிகிறது. பின்மூடியைத் திறந்தால் ஒயில் கருகிய மணம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும். திறக்கும்போதே கொஞ்சம் பெரிதாக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். கேட்ட இடமெல்லாம் வேறு வேறு பதில். 87 மி.மீ. பிஸ்ரன், சிலிண்டர் செற்றைச் சொருகி 1641 சிசி ஆக்கு என்கிறார் ஒருவர். 90.5 போட்டு 1776 ஆக்கு என்கிறார் இன்னொருவர். எஞ்சினைத் தொடாதே, இரட்டை வெபர் கார்பரேற்றர் மட்டும் போடு என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். எதைச் செய்ய?

ரொறன்ரோ_1302

வாழ்த்துகள். யோசிக்காமல் 1915 போடுங்கள். 94 மி.மீ. பிஸ்ரன், இரட்டை 40 ஐடிஎஃப் வெபர் கார்பரேற்றர், டபிள்யூ 110 காம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). என் 1302 பீட்டிலில் ஆறு வருடமாக அதுதான் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் மற்ற வண்டிகளோடு சரிசமமாகப் போகலாம். பெரிதாக்குவதென்று முடிவெடுத்தால் பாதியில் நிற்காதீர்கள்.

கண்டி_பிற்றர்

தம்பி, சிசி பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன் நாலு விஷயம் பார்த்து எழுதுங்கள்.

ஒன்று: எஞ்சின் நின்றிருக்கும்போது பின்னால் குந்தி இருந்து, கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். ‘டொக்’ என்று சத்தம் வருகிறதா? டயல் கேஜ் இருந்தால் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள். புது எஞ்சினில் 0.07 முதல் 0.13 மி.மீ. இருக்கும். 0.15 கடைசி எல்லை.

இரண்டு: காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது டப்பட் இடைவெளி (வால்வ் தண்டுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவில்) நாலு சிலிண்டருக்கும் எவ்வளவு? முக்கியமாக 3ஆம் சிலிண்டரின் புகை வால்வ். இடது கைப் பக்கம், சீற்றுக்குக் கிட்ட இருப்பதுதான் 3ஆவது.

மூன்று: வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு அடியில் வளைந்த தகடுகள் இருக்கின்றனவா? மேலே, எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ரப்பர் சுற்றிலும் இருக்கிறதா?

நாலு: தெர்மோஸ்டாட், விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் மடல்கள், இதெல்லாம் இருக்கின்றனவா அல்லது யாராவது கழற்றி எறிந்துவிட்டார்களா?

இந்தப் பதில்கள் இல்லாமல் யார் எந்த எஞ்சினைச் சொன்னாலும் கேட்காதீர்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வத்தளை66

ஐயா, ஞாயிறு முழுக்க வண்டிக்குக் கீழேதான் கிடந்தேன். பதில்கள் இதோ.

புல்லியைப் பிடித்து இழுத்ததுமே ‘டொக்’. கூட இருந்த மகனுக்கும் கேட்டது. பக்கத்துக் கராஜில் டயல் கேஜ் இரவல் வாங்கி அளந்தேன்: 0.28.

டப்பட் ஏழு வால்வில் ஏறக்குறைய சரி. 3ஆம் சிலிண்டரின் புகை வால்வில் பீலர் கேஜின் மெல்லிய 0.05 மி.மீ. இலைகூட உள்ளே போகவில்லை. இடைவெளியே இல்லை. ஜனவரியில்தான் 0.15 வைத்தேன், கையால் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

சிலிண்டர் அடித்தகடு வலப்பக்கம் இருக்கிறது, இடப்பக்கம் இல்லை. சுற்று ரப்பர் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. தெர்மோஸ்டாட், மடல்கள் இரண்டும் இல்லை. ‘எங்கள் சூட்டு ஊருக்கு அது தேவையில்லை’ என்று முன்பு ஒரு கராஜில் கழற்றியதாக அம்மா சொல்கிறார்.

கண்டி_பிற்றர்

நினைத்தேன். நுவரெலியாவில் ஒரு விபரீதமும் நடக்காமல் நீங்கள் திரும்பி வந்தது பெரிய விஷயம்.

அந்தப் பூச்சிய இடைவெளி என்ன சொல்கிறது? சூட்டில் வால்வின் தண்டு நீள்கிறது, அல்லது வால்வ் தன் இருக்கைக்குள் மேலும் மேலும் அமிழ்கிறது. இடைவெளி போனால் வால்வ் முழுக்க மூடாது. மூடாத வால்வ் தன் சூட்டை ஹெட்டுக்கு (சிலிண்டரின் தலைப்பகுதிக்கு) கொடுக்க முடியாது. மேலும் சூடாகி, ஒருநாள் அதன் தலை துண்டாகி பிஸ்ரன் மேல் விழும். அதற்குப் பிறகு திருத்துவதற்கு எஞ்சின் மிஞ்சாது.

ஏன் எப்போதும் 3ஆவது? உங்கள் வண்டியில் ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்கு உள்ளேயே, 3ஆம் சிலிண்டரின் தலைக்கு மேலே நிற்கிறது. கூலரின் ஊடாகச் சூடேறி வந்த காற்றுத்தான் அந்தச் சிலிண்டருக்கு. கொம்பனிக்கும் இது தெரியும். சில டிஸ்ரிபியூட்டர்களில் 3ஆவதற்கு மட்டும் பொறியைக் கொஞ்சம் பிந்திப் போடும்படி காமை வெட்டினார்கள். 1971 மொடலிலிருந்து கூலரையே கூட்டுக்கு வெளியே தனிப் பெட்டிக்குள் தள்ளி, அதற்குத் தனிக் காற்றுவழி விட்டு, விசிறியையும் அகலமாக்கினார்கள். டோக்ஹவுஸ் என்று சொல்வது இதைத்தான்.

நீங்கள் எந்த சிசி போட்டாலும் இந்தக் கூடு வேண்டும். இது எனக்குப் பேரம் பேச முடியாத விஷயம். பெற்றோல் கூட எரிந்தால் சூடும் கூடும். ஊதும் விசிறி அதே விசிறிதான். 1915 போட்டவர்கள் விசிறியைப் பெரிதாக்கவில்லை.

அந்தத் தெர்மோஸ்டாட் 65 முதல் 70 பாகையில் திறக்கும். பழுதானால்கூடத் திறந்த நிலையிலேயே நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். எங்கள் ஊருக்குத் தேவையில்லை என்பது பிழை. அது இருந்தால் எஞ்சின் கெதியாகச் சூடேறும், குளிர்ந்த ஒயிலில் தேயும் நேரம் குறையும். மடல்கள் காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பியும் விடுகின்றன. தெர்மோஸ்டாட் கிடைக்காவிட்டால் மடல்களைப் போட்டுத் திறந்தபடி கட்டிவிடுங்கள். ஆனால் போடாமல் விடாதீர்கள்.

ரொறன்ரோ_1302

ஐயா சொல்வதை ஏற்கிறேன். என் வண்டி கோடை நாலைந்து மாதம்தான் வெளியே வரும், மிச்ச நாள் கராஜில் மூடிக் கிடக்கும். ஓடுவதும் பெரும்பாலும் 401 நெடுஞ்சாலையின் சமதரையில். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறியதே இல்லை. அதைச் சொல்லாமல் 1915 என்று எழுதியது என் தவறு.

கோவை_லேத்

வணக்கம் அண்ணா. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பீட்டில் எங்கள் ஊரில் அபூர்வம், ஆனால் வெளியூரிலிருந்து எஞ்சின் கேஸ்கள் (கிராங்கைத் தாங்கும் வெளிக்கூடு) வரும், இதுவரை ஒரு பதினைந்து பார்த்திருப்பேன். என்னிடம் 1200 ஒன்றும் இருக்கிறது.

0.28 என்று படித்ததும் எனக்கு எஞ்சின் கேஸைப் பற்றித்தான் கவலை வந்தது. அது மெக்னீசியம் கலவை. எடை குறைவு, ஆனால் சூட்டில் இளகும். அதிகச் சூட்டில் ஓடிய எஞ்சினில் கிராங்க் அடித்து அடித்து, மெயின் பேரிங் உட்காரும் இடம் முட்டை வடிவமாகிவிடும். புது பேரிங்கை அப்படியே அதில் வைத்தால் கொஞ்ச நாளில் பழைய கதைதான். பச்சை விளக்கு எரிந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், பேரிங் இடுக்கு வழியே ஆயில் அழுத்தம் கசிந்துவிடும்.

பிரித்ததும் பேரிங் இருக்கைகளை ஒன்று விடாமல் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் எல்லா இருக்கையையும் ஒரே கோட்டில் பெரிதாக்கி, வெளிவிட்டம் கூடிய பேரிங் போடலாம். ஓரிரு தடவை தாங்கும். அதற்கு மேல் வேறு கேஸ்தான்.

ஹெட் ஸ்டட் பிடிக்கும் மரைகளையும் பாருங்கள். மெக்னீசியத்தில் நேரடியாக வெட்டிய மரை சூட்டில் பிடுங்கிக்கொண்டு வரும். எஃகு இன்சர்ட் போட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று. உங்களிடம் ‘87 சொருகலாம்’ என்று சொன்னவர் உங்கள் கேஸைப் பார்த்துச் சொல்லவில்லை. சொருகுவது 1500, 1600 கேஸில்தான் நடக்கும். உங்கள் 1300இன் வாய் 77 மி.மீ. சிலிண்டருக்கு வெட்டியது. 85.5 போட வேண்டுமென்றாலும் கேஸ், ஹெட் இரண்டையும் வெட்டியாக வேண்டும்.

87 மேலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது. 85.5 உட்காரும் அதே வாயில் ஒன்றரை மில்லி கூடுதல் துளை. அந்த ஒன்றரை எங்கிருந்து வரும்? சிலிண்டர் சுவரிலிருந்துதான். மெல்லிய சுவர் சூட்டில் வட்டம் கெடும், ரிங் சரியாகப் பிடிக்காது, ஆயில் குடிக்கும். 1584லிருந்து 1641க்கு, 57 சிசிக்காக இது தேவையா?

அதே கணக்கில் 90.5 நல்லது. 90.5, 92 இரண்டும் கேஸில் ஒரே அளவு வாயில் உட்காரும். அப்படியானால் 90.5இன் சுவர் முக்கால் மில்லி தடிப்பு. பெரியதாகத்தான் போக வேண்டும் என்றால் 1776.

கிள்ளான்_காடி

வணக்கம். கோவை நண்பர் சொன்ன 1776தான் என் காடியில் (காரில்) இருக்கிறது. கெந்திங் மலைக்கு மாதம் ஒருமுறையாவது ஏறுவேன், அதனால் என் அனுபவம் உங்களுக்கு உதவும்.

முதலில் கட்டியபோது டபிள்யூ 110 காம், இரட்டை 40 ஐடிஎஃப். மேல் சுற்றில் அருமையாக இழுக்கும். ஆனால் மலையில் கொண்டை ஊசி வளைவைத் தாண்டி இரண்டாவது கியரில் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் வெளியே வரும்போது ஒன்றும் இருக்காது. 3,000 தாண்டினால்தான் உயிர் வரும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு 3,000க்கு மேலேயே மலை ஏறுவது அலுப்பு. பெட்ரோலும் லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் கொடுத்தது.

பிறகு டபிள்யூ 100 காமுக்கும் சிறிய இரட்டை 34 ஐசிடி கார்புரேட்டருக்கும் இறங்கினேன். குதிரைச் சக்தி சில குறைந்திருக்கும், ஆனால் காடி ஓட்ட இனிமையாகிவிட்டது. அடிச்சுற்றிலேயே இழுக்கிறது. கார்புரேட்டர் இரண்டையும் ஒன்றுக்கொன்று சமமாக வைத்திருக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்ப்பேன்.

ஒரு கசப்பும் சொல்கிறேன். முதல் முறை கட்டிய பட்டறையில் சிலிண்டர் அடித்தகடுகளைத் திருப்பிப் போடவில்லை. ‘புதுப் புகைக்குழாய்க்கு இடிக்கிறது’ என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். ஒன்பதாவது மாதம் ஒரு ஹெட்டில் ஸ்பார்க் பிளக் துளைக்கும் வால்வு இருக்கைக்கும் நடுவில் விரிசல். கண்டி ஐயா தகடுகளைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. அந்தத் தகடுகள் காற்றைச் சிலிண்டரின் அடிப்பக்கம்வரை சுற்றி வரவைப்பவை. வெறும் மூடி என்று நினைத்திருந்தேன்.

என் தீர்ப்பு: மலைக்கு 1776, சாதுவான காம், டாக்ஹவுஸ் கூடு.

கண்டி_பிற்றர்

கிள்ளான் தம்பி மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

1300 எஞ்சின் 4,000 சுற்றில் 40 குதிரை. இழுவை 87 நியூட்டன் மீற்றர், அது 2,000 சுற்றிலேயே கிடைக்கிறது. இரட்டைத் துவாரமுள்ள (ஹெட்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி உள்வழி) 1600 எஞ்சின் 50 குதிரை, இழுவை 106, கிடைப்பது 2,800 சுற்றில். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. எத்தனை பேர் இதைக் கணக்கில் எடுக்கிறார்கள்? 1600 என்றால் ‘ஸ்ரொக்தானே’ என்று தள்ளிவிடுகிறார்கள். 1300இல் பழகிய காலுக்கு நல்ல 1600 பெரிய மாற்றம்.

இந்த எஞ்சின்களைக் கொம்பனி வேண்டுமென்றேதான் மூச்சிறுக்கி வைத்தது. சின்னக் கார்பரேற்றர், ஒடுங்கிய வழிகள். அதி உச்ச வேகத்திலேயே நாள் முழுக்க ஓட்டலாம் என்று விளம்பரம் செய்தார்கள், அது உண்மையும்கூட. அந்த இறுக்கத்தை அவிழ்த்து வேகம் தேடியவர்கள் 1950களிலேயே இருந்தார்கள். ஜெர்மனியில் ஓட்டிங்கர் என்பவர் இரட்டைத் துவார ஹெட்டும் இரண்டு கார்பரேற்றரும் சேர்த்து ஒக்ராசா என்ற பெயரில் விற்றார். அமெரிக்காவில் ஜட்சன் கொம்பனி காற்றை அழுத்தி ஊட்டும் சுப்பர்சார்ஜர் விற்றது. ஆசை புதிதல்ல. ஆனால் அவிழ்க்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும் சூட்டில் விலை கொடுக்க வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. எரிக்கக் கிடைக்கும் காற்றும் குறைவு, குளிரவைக்கக் கிடைக்கும் காற்றும் குறைவு. ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும், சுற்றும் குறைவாக இருக்கும், விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். பாரமோ ஐந்து பேர். அந்த இடத்தில் 85.5இன் தடித்த சுவரும் வெட்டாத ஹெட்டும்தான் எனக்கு நிம்மதி.

கியர்ப் பெட்டியைத் தொடாதீர்கள். உங்களுடையதில் இறுதி விகிதம் 4.375. மலைக்கு அதுதான் சரி. பிந்தி வந்த 3.875 பெட்டியைப் போட்டால் எஞ்சினில் கூட்டியதைப் பெட்டியில் இழப்பீர்கள்.

வத்தளை66

ஐயா, அண்ணாமார், எல்லோருக்கும் நன்றி. எனக்கு இரண்டு இடத்தில் மனம் இடிக்கிறது.

கேஸை வெட்டினால் திரும்ப 1300 ஆக்க முடியாது. எஞ்சின் இலக்கம் அப்பா காலத்துப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, அவர் கையால் எழுதிய சேவிஸ் கொப்பியிலும் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதை லேத்தில் கொடுக்கக் கை வரவில்லை.

மற்றது பெற்றோல். நான் அடிப்பது 92 ஒக்டேன். 1776 கட்டினால் 95 அடிக்க வேண்டி வருமா?

கோவை_லேத்

கேஸ் விஷயத்தில் உங்கள் மனசு சொல்வதே சரி. அதை வெட்ட வேண்டாம். சுத்தம் செய்து, ஆயில் தடவி, இரண்டு பாதியையும் ஜோடி மாறாமல் ஒன்றாக இறுக்கி வையுங்கள். அந்த இரண்டும் சேர்த்தே வெட்டப்பட்டவை, இன்னொன்றோடு பொருந்தாது. வேறு 1600 கேஸ் ஒன்று தேடுங்கள். 1970க்குப் பிந்தையதாக இருந்தால் ஆயில் அழுத்த வால்வு இரண்டு இருக்கும், உங்களுடையதில் ஒன்றுதான். எஞ்சின் நம்பர் மாறினால் பதிவில் மாற்ற வேண்டியிருக்கும், இங்கே ஆர்.சி. புத்தகத்துக்கும் அதே நடைமுறைதான். வாங்கும்போதே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்ரோல் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதைப் பட்டறையில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

1776இல் ஒரு சிலிண்டருக்கு 443.8 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது சிலிண்டர் விளிம்புக்குக் கீழே 1.3 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று வையுங்கள். அந்த இடம் 8.4 சிசி. ஹெட்டின் குழி 50 சிசி என்றால் மொத்தம் 58.4. ஆக அமுக்க விகிதம் 8.6. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு, உங்கள் ஊர்ச் சூட்டில், 92 பெட்ரோலில், ஐந்து பேரோடு மலை ஏற அது எனக்குப் பிடிக்காது. குழியை 54 ஆக்கினால் 8.1க்கு வந்துவிடும். அது பரவாயில்லை. 1600இல் கம்பெனி வைத்ததே 7.5தான்.

இந்த 50, 54 எல்லாம் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. ஹெட்டைக் கவிழ்த்து, பிளக், வால்வு எல்லாம் பூட்டி, நடுவில் ஓட்டை போட்ட கண்ணாடித் தகடு ஒன்றை கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டால் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க வேண்டும். நாலு குழியும் நாலு அளவில் இருக்கும். ஒருமுறை புது ஹெட் ஒன்றில் இரண்டு குழிக்கும் இடையே 2 சிசி வித்தியாசம் பார்த்தேன். சிறியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிப் பெரியதோடு சமமாக்க அரைநாள் ஆனது. எஞ்சின் நடுங்காமல் நிற்பதில் பாதி இந்த அரைநாளில் இருக்கிறது. மிச்சப் பாதி கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் தட்டு மூன்றையும் சேர்த்து பேலன்ஸ் செய்வதில்.

எங்கள் பக்கம் இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது ஊறவைத்துவிடும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டையும் ஒரு அளவு கூட்ட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். காற்றுக் குளிர்ச்சி எஞ்சினை பெட்ரோல் குறைந்த கலவையில் ஓட்டினால் மறுபடியும் சூடுதான்.

ரொறன்ரோ_1302

பிராயச்சித்தமாக ஒரு நல்ல தகவல் தருகிறேன். எந்த எஞ்சின் கட்டினாலும் டிஸ்ரிபியூட்டரைக் கவனியுங்கள். விலை குறைவு என்று எல்லோரும் 009 என்ற டிஸ்ரிபியூட்டரைப் போடுகிறார்கள். அது சுற்றை மட்டும் பார்த்துப் பொறியை முன்தள்ளும், வக்கூம் (எஞ்சின் உறிஞ்சும் இழுவையைப் பார்த்துப் பொறியை மாற்றும் பகுதி) கிடையாது. ஒற்றைக் கார்பரேற்றரோடு அதைப் போட்டால் நின்ற இடத்திலிருந்து மிதிக்கும்போது ஒரு கணம் மூச்சுப் பிடித்து நிற்கும். நான் இரண்டு வருடம் கார்பரேற்றரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 1600இன் ஒற்றைக் கார்பரேற்றரான 34 பிக்ட்-3க்கு வக்கூமும் சுற்றும் சேர்ந்த டிஸ்ரிபியூட்டர்தான் பொருத்தம். மேல் சுற்றில் பொறியின் முன்தள்ளலை மொத்தம் 28 முதல் 32 பாகைக்குள் நிறுத்துங்கள், ரைமிங் லைற் வைத்துப் பார்த்து.

ஒயில் பில்ரரும் வையுங்கள். கொம்பனி எஞ்சினில் ஒரு கம்பி வலை மட்டும்தான், பில்ரரே இல்லை. பம்பின் மூடியிலிருந்து வெளியே எடுத்து, பில்ரர் வழியாகக் கேஸுக்குத் திருப்பி விடலாம்.

கண்டி_பிற்றர்

பில்ரருக்கு நானும் கை தூக்குகிறேன். கேஸ் திறந்து கிடக்கும்போதே அந்தத் துளையைப் போட வேண்டும், பிறகு போட்டால் துருவல் உள்ளே போகும். ஆனால் பில்ரர் வந்துவிட்டது என்று ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டரை லீற்றர்தானே. 5,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுங்கள்.

பெரிய பம்ப் போடச் சொல்வார்கள், வேண்டாம். காலைக் குளிரில் தடித்த ஒயிலைப் பெரிய பம்ப் தள்ளும்போது கூலரின் சீல் பிதுங்கும்.

200 மி.மீ. கிளச்சும் அதற்குரிய 130 பல் பிளைவீலும் போட்டால் உங்கள் கியர்ப் பெட்டியின் வாயை உள்ளே கொஞ்சம் அராவ வேண்டும். ஸ்ராட்டர் புஷ்ஷும் மாறும். அராவும்போது கிளச் தண்டின் வழியை ஈரத் துணியால் அடையுங்கள்.

பின்மூடியைக் கட்டை வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்பவர்களும் வருவார்கள். அந்தச் சுற்று ரப்பரை மாற்றினாலே போதும். கீழே இருக்கும் சூட்டுக் காற்று மேலே வந்து விசிறிக்குள் திரும்பப் போகாமல் தடுப்பது அந்த ரப்பர்தான்.

வத்தளை66

முடிவெடுத்துவிட்டேன். 1600, இரட்டைத் துவாரம், 85.5.

நுகேகொடையில் ஒருவர் 1972 கேஸ் ஒன்றை எண்ணெய்ச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். அளந்ததில் பேரிங் இருக்கைகள் இன்னும் முதல் அளவிலேயே நிற்கின்றன. 34 பிக்ட்-3 ஒன்று, அதற்கேற்ற வக்கூம் டிஸ்ரிபியூட்டர், புகை வால்வ் நாலும் புதிது. 1776க்கும் இதற்கும் உள்ள செலவு வித்தியாசத்தில் டோக்ஹவுஸ் கூடு, அகல விசிறி, அடித்தகடுகள், ரப்பர், பில்ரர், ஒயில் சூட்டு மீற்றர் எல்லாம் வந்துவிட்டன. இங்கே ஹீற்றர் தேவையில்லை என்பதால் ஹீற்றர் பெட்டிகளுக்குப் பதிலாக வெறும் வளை குழாய். மடல்களும் தெர்மோஸ்டாட்டும் ஒரு பழைய எஞ்சினிலிருந்து கிடைத்தன. வெந்நீர்ச் சட்டிக்குள் போட்டுப் பார்த்தேன், சரியாக விரிகிறது.

அப்பாவின் எஞ்சின் துடைத்து, ஒயில் பூசி, பலகைமேல் நிற்கிறது.

கிள்ளான் அண்ணா கோபிக்க வேண்டாம்.

கிள்ளான்_காடி

கோபம் எதற்கு? உங்கள் சாலை, உங்கள் குடும்பம். கையைக் கொடுங்கள். ஆனால் ஒருநாள் என் காடியில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவை மறுபடி சொல்லுங்கள், 1776க்கு நான் இன்னும் நிற்கிறேன்!

பிளைவீல் நட்டை மட்டும் குத்துமதிப்பாக இறுக்க விடாதீர்கள். 36 மி.மீ. சாக்கெட், 300 நியூட்டன் மீட்டர். நீளக் குழாய் போட்டு ஆள் ஏறி நின்றுதான் இறுக்குவோம்.

வத்தளை66

ஏப்ரல் முடிந்துவிட்டது. போய் வந்தோம், அதே ஐந்து பேர்.

ஓடவிட்டுப் பழக்கியது 1,000 கிலோமீற்றர். கிராங்க் இடைவெளி மூன்று ஷிம் (மெல்லிய வளையத் தகடு) மாற்றி மாற்றி வைத்து 0.10இல் நிற்கிறது. முதல் 500இல் ஒயில் மாற்றினேன், வலையில் மெல்லிய வெள்ளித் தூள் கொஞ்சம், வேறு ஒன்றுமில்லை.

கடுகண்ணாவையில் குகைப் பாறைக்கு அடியில் வரும்வரை மூன்றாவது கியர். அதற்குப் பிறகு ஒரு பஸ்ஸுக்காக இரண்டாவதுக்கு இறக்கினேன், உடனே திரும்ப மூன்றாவது. உச்சியில் ஒயில் 104 பாகை. றம்பொடை ஏற்றம் நீளம், அங்கே இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மாறி மாறி, அதிகபட்சம் 112. போன வருடம் நிறுத்திய அதே தேநீர்க் கடையில் நிறுத்தினேன். வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, கண்ணாடிக்கு வெளியே நின்று டாஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. அம்மா பின்சீற்றில் தூங்கிவிட்டார், கைப்பை கீழே காலடியில் கிடந்தது.

நேற்றுக் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மகன்தான் பீலர் கேஜைப் பிடித்தான். 3ஆம் சிலிண்டர், புகை வால்வ். 0.15 இலை லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது, நான் பயணத்துக்கு முன் வைத்த அதே இடைவெளி.